இரங்குதலும் இறங்குதலும்

மார்கழி பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் குடில் வேலை தொடங்கிவிடுகிறது. ஓராண்டாகப் பரண்மேல் துயின்ற பெட்டி கீழே இறங்குகிறது. பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்த சுரூபங்கள் ஒவ்வொன்றாய் வெளிவருகின்றன. காதொடிந்த கழுதைக்குப் பசை தடவப்படுகிறது. ஒரு கையை இழந்த இடையர், இழந்த கை தெரியாதவாறு சுவரோரமாக நிறுத்தப்படுகிறார். கேழ்வரகை ஊறவைத்து முளைக்கவிட்ட தட்டு பசும்புல் வெளியாகிறது. மூங்கில் சிம்புகளால் கட்டி வண்ணக் காகிதம் ஒட்டிய நட்சத்திரம் முற்றத்து மரத்தில் ஏறுகிறது. குழந்தை இயேசுவின் சுரூபம் மட்டும் 24ஆம் நாள் நள்ளிரவு வரை பெட்டிக்குள்ளேயே காத்திருக்கிறது. அதுவரை முன்னணை வெறுமையாக இருக்க வேண்டும் என்பதில் நம் வீட்டுச் சிறுவர்கள் காட்டும் கண்டிப்பு, வழிபாட்டு ஒழுங்கில் தேர்ந்த குருக்களுக்கும் வராது.

இதே நாட்களில் இன்னொன்றும் பெட்டியிலிருந்து வெளியே வருகிறது. அதுதான் 'அன்பு' என்னும் சொல். வாழ்த்து அட்டைகளில் பொன்னெழுத்தில் மின்னுவதும் அதுவே. துணிக்கடை விளம்பரத்தில் விலைச் சலுகைக்கு மேலே நிற்பதும் அதுவே. கிறிஸ்து பிறப்புக் கூட்டங்களின் மேடைகளில் மாலையோடும் பொன்னாடையோடும் முழங்குவதும் அதுவே. ஜனவரி 6ஆம் நாள் கழிந்ததும் சுரூபங்களோடு சேர்த்து அதையும் காகிதத்தில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுகிறோம். அவ்வாறு ஏற்றுமுன் ஒருமுறையேனும் அச்சொல்லைக் கையில் எடுத்துத் தூசி தட்டிப் பார்ப்பது நன்று.

பெருவிழாக் காலத்தில் உற்றார் உறவினரைக் கூட்டி உண்பது அன்புதான். ஏழைக்குப் புத்தாடை வழங்குவதும் அன்புதான். எனினும் நம் அண்டை வீட்டு இந்து சகோதரர் தீபாவளிக்கு இவற்றைச் செய்கிறார். இசுலாமிய சகோதரர் நோன்புப் பெருநாளுக்குமுன், தொழுகைக்குப் போவதற்கும் முன்னதாகவே, ஏழைக்குரிய பங்கைக் கணக்கிட்டுக் கொடுத்துவிடுகிறார். உண்மையைச் சொன்னால் நம்மைவிட ஒழுங்காகவே அவர்கள் இவற்றைச் செய்கிறார்கள். அப்படியானால் பெத்லகேமிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய அன்பு எது? வேறு எங்கும் அவ்வளவு தெளிவாகக் கிட்டாத எந்தப் பாடத்தை அந்த முன்னணை நமக்குக் கற்பிக்கிறது?

இவ்வினாவுக்கு விடை தேடும்போது நம் தாய்மொழியே கைகொடுக்கிறது. தமிழில் இரு சொற்கள் உண்டு. ஒலியில் அவை இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. ஒன்று இரங்குதல், மற்றொன்று இறங்குதல். முன்னதில் இடையின ரகரம். பின்னதில் வல்லின றகரம். பள்ளியில் இவற்றை மாற்றி எழுதி, தமிழாசிரியரின் பிரம்புக்குக் கைநீட்டியவர்களில் நானும் ஒருவன். இரங்குதல் என்பது உள்ளம் உருகுவது. பிறர் துயர் கண்டு மனம் நெகிழ்வது. இறங்குதல் என்பது நின்ற இடத்தை விட்டுக் கீழே வருவது. முன்னதற்கு இதயம் இருந்தால் போதும். பின்னதற்குக் கால்களும் வேண்டும்.

இறைவன் இரங்குபவர் என்பதை மனிதர் பலரும் பல சமயங்களிலும் அறிந்து போற்றினர். நம் பிரார்த்தனை மாலைகளிலும் நாம் ஓயாமல் வேண்டுவது அவர் இரக்கத்தையே. ஆனால் மறைநூலைப் படிப்போர் ஓரிடத்தில் வியந்து நிற்பார்கள். யாத்திராகமத்தின் 3ஆம் அதிகாரத்தில், எரியும் முட்செடியின் நடுவிலிருந்து இறைவன் மோயீசனோடு பேசுகிறார். எகிப்தில் தம் மக்கள் படும் துன்பத்தைத் தாம் கண்டதாகவும், அவர்கள் எழுப்பும் கூக்குரலைக் கேட்டதாகவும், அவர்கள் வேதனையை அறிந்ததாகவும் கூறுகிறார். இம்மட்டில் இது இரக்கமே. அதற்கு அடுத்தபடியாக அவர் கூறுவதுதான் புதுமை. அவர்களை விடுவிக்கத் தாம் இறங்கி வந்திருப்பதாகச் சொல்கிறார்! கண்டார், கேட்டார், அறிந்தார், இறங்கினார். நான்கு வினைச்சொற்களில் மீட்பு வரலாறு முழுவதும் அடங்கிவிட்டது. கிறிஸ்து பிறப்பு என்பது அந்த நான்காம் சொல் இனி இறங்குவதற்கு இடமில்லை என்னும் அளவுக்குத் தரையைத் தொட்ட இரவு.

தரையைத் தொட்ட விதத்தை லூக்காஸ் நற்செய்தியாளர் மிகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார். தாய் தன் தலைமகனைத் துணிகளில் பொதிந்து முன்னணையில் கிடத்தினாள். ஏனெனில் அவர்களுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. 'சத்திரம்' என்று நாம் வழக்கமாகச் சொல்லும் இடத்தில், கிரேக்க மூலத்தில் நிற்பது 'கத்தலூமா' என்னும் சொல். விருந்தினர் தங்கும் அறை என்பது அதன் பொருள். நல்ல சமாரியன் காயம்பட்டவனைக் கொண்டு சேர்த்த சாவடியைக் குறிக்க லூக்காஸ் வேறு சொல்லையே எழுதுகிறார். ஆனால் ஆண்டவர் தம் சீடரோடு இறுதி இராவுணவு அருந்திய அறையைக் குறிக்க இதே 'கத்தலூமா' என்ற சொல்லைத்தான் வழங்குகிறார். பிறந்த இரவில் விருந்தினர் அறையில் இடம் பெறாதவர், இறப்பதற்கு முந்திய இரவில் விருந்தினர் அறையில் தாமே விருந்தளிப்பவராக அமர்ந்தார்; விருந்தாகவும் ஆனார். பெத்லகேம் என்னும் எபிரேயச் சொல்லுக்கு அப்பத்தின் வீடு என்று பொருள் கூறுவர். முன்னணையோ கால்நடைகளின் உணவுக்கலம். லூக்காஸ் இவற்றையெல்லாம் விளக்கவில்லை. ஒரு சொல்லை ஓரிடத்தில் வைத்துவிட்டு, அதையே மற்றோரிடத்திலும் வைத்துவிட்டு, நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இங்கே நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடும் உண்மை ஒன்று உண்டு. இறைமகன் மனிதராக வந்தார் என்கிறோம். ஆனால் முதலில் மனிதருக்குக் கொடுப்பவராகவா வந்தார்? பச்சிளங் குழந்தைக்குக் கொடுக்க என்ன இருக்கிறது? அதற்குத் தலையைத் தாங்கத் தெரியாது. ஈரத்துணியை மாற்ற ஒருவர் வேண்டும். பசித்தால் அழ மட்டுமே தெரியும். விண்ணையும் மண்ணையும் தாங்குபவரைக் கழுத்து மடங்காமல் தாங்குவதற்கு மரியன்னையின் முழங்கை தேவைப்பட்டது. அவர் பாலுக்குக் காத்திருந்தார். அவருக்குக் குளிர்ந்தது. கடவுள் நம்மிடம் முதன்முதலில் நீட்டிய கை கொடுக்கும் கையாக இல்லை. பெறும் கையாக இருந்தது. அவர் தம்மை வெறுமையாக்கிக்கொண்டார் என்று பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் புனித சின்னப்பர் கூறுவதன் ஆழம் இதுவே. வெறுமையான கலத்தில்தான் பிறர் எதையேனும் இட முடியும்.

அந்தக் கலத்தில் இட்டவர்களுள் சூசையப்பரை எண்ணிப் பாருங்கள். நான்கு நற்செய்திகளிலும் அவர் வாய்மொழியாக ஒரு சொல்லும் பதிவாகவில்லை. கனவில் கட்டளை பெறுகிறார், எழுகிறார், செய்கிறார். பேசாத இவரைத்தான் வீரமாமுனிவர் தம் பெருங்காப்பியத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார். 1726இல் நிறைவுற்ற தேம்பாவணி 36 படலங்களில் 3,615 பாடல்கள் கொண்டது. சூசையப்பருக்கு 'வளன்' என்று தமிழ்ப் பெயரிட்டு, பேசாதவர் புகழை இத்தனை பாடல்களில் பேசினார் அந்த இத்தாலியர். ஒரு குழந்தைக்கு இடம் தேடி வாசல் வாசலாய் நின்ற ஒரு தொழிலாளியைக் காப்பியத் தலைவனாக்குவதற்கு, இறங்குதலின் பெருமையை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

வீரமாமுனிவரின் தாய்நாடான அதே இத்தாலியில்தான், அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன், இறங்கி வந்த இறைவனைக் கண்ணால் காண ஆசைப்பட்ட ஒருவர் வாழ்ந்தார். நம் வீட்டுக் குடிலின் வரலாற்றோடு பிரிக்க முடியாதவர் அவர். அசிசி நகர்ப் பிரான்சிஸ்தான் குடிலை முதன்முதல் ஏற்படுத்தியவர் என்று நாம் சொல்வது வழக்கம். இது முற்றிலும் சரியன்று. அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கிறிஸ்தவர்கள் முன்னணையையும் மாட்டையும் கழுதையையும் கல்லறைப் பேழைகளில் செதுக்கி வைத்தார்கள். பிரான்சிஸ் செய்தது வேறு. ஆனால் அது அதனினும் பெரியது.

ஆண்டு 1223. அந்த நவம்பர் 29ஆம் நாள்தான் திருத்தந்தை மூன்றாம் ஒனோரியுஸ் அவருடைய சபை ஒழுங்கை உறுதிப்படுத்தியிருந்தார். பிரான்சிசுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஆனால் உடல் அதற்குள் தளர்ந்துவிட்டது. கீழ்த்திசை நாடுகளுக்குப் போய் வந்ததிலிருந்து கண்நோய் அவரை வாட்டியது. இன்னும் மூன்று ஆண்டு வாழ்வும் அவருக்கு எஞ்சியிருக்கவில்லை. ரியேத்திப் பள்ளத்தாக்கை நோக்கிய மலைச்சரிவில் கிரேச்சோ என்னும் சிற்றூர் உண்டு. அவ்வூரில் யோவான் என்ற ஒரு பிரபு இருந்தார். குடிப்பிறப்பால் உயர்ந்தவராயினும் அந்த உயர்வைப் பொருட்படுத்தாதவர் என்பதால் பிரான்சிஸ் அவர்மேல் தனி அன்பு வைத்திருந்தார். பெருவிழாவுக்கு ஏறத்தாழ 15 நாட்களுக்கு முன் அவரை அழைத்தார். தாம் விரும்புவது என்னவென்று சொன்னார். பெத்லகேமில் பிறந்த குழந்தை, ஒரு பச்சைக் குழந்தைக்கு வேண்டியவைகூட இல்லாமல் பட்ட அல்லலையும், மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவே வைக்கோலில் கிடந்த கோலத்தையும் இந்த உடற்கண்களாலேயே காண வேண்டும் என்பதே அந்த விருப்பம்.

கவனியுங்கள். அவர் காண விரும்பியது மகிமையை அன்று, அல்லலை. வானதூதர் கூட்டத்தைக் காட்ட அவர் ஏற்பாடு செய்யவில்லை. வைக்கோல் எவ்வளவு குத்தும் என்பதைக் காண விரும்பினார்.

யோவான் அவ்வாறே செய்தார். சுற்றுவட்டாரத்திலிருந்த சகோதரர்கள் அழைக்கப்பட்டனர். ஊர் மக்கள், ஆணும் பெண்ணுமாக, தத்தம் வசதிக்கேற்ப மெழுகுவர்த்திகளும் தீப்பந்தங்களும் ஆயத்தம் செய்துகொண்டு மலையேறி வந்தனர். முன்னணை வைக்கப்பட்டது, வைக்கோல் பரப்பப்பட்டது, உயிருள்ள மாடும் கழுதையும் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. முன்னணையின்மீது திருப்பலி நடந்தது. பிரான்சிஸ் குருப்பட்டம் பெற்றவர் அல்லர். திருத்தொண்டர் உடையணிந்து நற்செய்தியைப் பாடினார். பின்பு மறையுரை ஆற்றினார். 'பெத்லகேம்' என்ற பெயரை உச்சரிக்கும்போது ஆட்டுக்குட்டி கத்துவதுபோல இழுத்துச் சொன்னாராம். இயேசுவின் பெயரைச் சொன்னபின் அதன் இனிமையைச் சுவைப்பவர்போல நாவால் உதட்டைத் தடவிக்கொண்டாராம். இவற்றையெல்லாம் எழுதி வைத்தவர் செலானோ ஊர்த் தோமாஸ். பிரான்சிஸ் இறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அவர் வரலாற்றை எழுதியவர். தோமாசின் குறிப்பில் மரியன்னையாக வேடமிட்டவர் எவரும் இல்லை. சூசையப்பராக நின்றவரும் இல்லை. குழந்தைச் சுரூபமும் இல்லை. முன்னணையில் உயிரற்றதுபோல் ஒரு குழந்தை கிடப்பதையும், பிரான்சிஸ் அருகே சென்று அதை உறக்கத்திலிருந்து எழுப்புவதையும் அங்கிருந்த பக்திமான் ஒருவர் காட்சியில் கண்டார் என்று மட்டும் தோமாஸ் எழுதுகிறார். பலருடைய உள்ளங்களில் மறக்கப்பட்டுக் கிடந்த குழந்தை அன்று விழித்துக்கொண்டது என்பது அவர் தரும் விளக்கம். வந்திருந்த ஊராருக்கு எது கிடைத்தது? வைக்கோலின் மணமும், மாட்டின் மூச்சும், தங்கள் வீட்டுத் தொழுவத்தைக் கடவுள் தம் வீடாக்கிக்கொண்டார் என்ற செய்தியும். அந்த ஏழைக் குடியானவர்கள் களிப்போடு வீடு திரும்பினார்கள் என்று வரலாறு கூறுகிறது. களிப்புக்குக் காரணம் தெளிவு.

பிரான்சிசுக்குக் கிறிஸ்து பிறப்பு, விழாக்களுக்கெல்லாம் விழா. ஓராண்டு அது வெள்ளிக்கிழமையில் வரவே, அன்று இறைச்சி உண்ணலாமா என்று ஒரு சகோதரர் ஐயம் எழுப்பினார். அத்தகைய நாளில் சுவர்களும் இறைச்சி உண்ண வேண்டும், அவற்றால் உண்ண முடியாதென்றால் வெளியேயாவது பூசிவிட வேண்டும் என்றாராம் பிரான்சிஸ்! ஒறுத்தலில் அவருக்கு இணை இல்லை. ஆயினும் அவரே இப்படிச் சொன்னார். அந்நாளில் செல்வர்கள் ஏழைகளை வயிறார உண்பிக்க வேண்டும், மாடுகளுக்கும் கழுதைகளுக்கும் வழக்கத்துக்கு மேல் தீவனம் இட வேண்டும், பறவைகளுக்காகப் பாதைகளில் தானியம் தூவும்படி பேரரசரிடமே கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. இவ்வளவு குதூகலிக்கும் மனிதர், ஒருநாள் உணவு மேசையில் அமர்ந்திருக்கையில், அந்த முதல் இரவில் மரியன்னை பட்ட வறுமையை ஒருவர் நினைவூட்டிவிட்டார். உடனே பிரான்சிஸ் விம்மினார். மேசையை விட்டு எழுந்தார். மீதி அப்பத்தை வெறுந்தரையில் அமர்ந்து உண்டார். மேசையிலிருந்து தரைக்கு எத்தனை முழம்? இரண்டு முழம் இருக்கும். அந்த இரண்டு முழத்தைத்தான் நம்மில் பலர் வாழ்நாள் முழுவதும் கடப்பதில்லை.

கிரேச்சோவைப் பற்றி இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. உயிர்ப்புப் பெருவிழாவில் நடந்தது என்பார் தோமாஸ்; கிறிஸ்து பிறப்பு அன்று நடந்தது என்கிறது மற்றொரு பழைய தொகுப்பு. சகோதரர்கள் அன்று விழாவென்று மேசையை உயர்த்தி, வெண்துணி விரித்து, கண்ணாடிக் குவளைகள் வைத்திருந்தார்கள். பிரான்சிஸ் அதைக் கண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அன்று வந்திருந்த ஒரு பிச்சைக்காரரின் தொப்பியையும் கோலையும் வாங்கிக்கொண்டு வெளியேறினார். எல்லோரும் உண்ணத் தொடங்கியதும் கதவருகே வந்து, ஏழை நோயாளிப் பயணி ஒருவனுக்கு ஆண்டவர் பெயரால் உணவிடுங்கள் என்று வேண்டினார். உள்ளே அழைத்தார்கள்; தட்டு கொடுத்தார்கள். அவர் தட்டைச் சாம்பல்மேல் வைத்துத் தரையில் அமர்ந்து உண்டார். ஏழைக்கு ஒரு தட்டு உணவை வெளியே அனுப்பச் சொல்லியிருந்தால் அது இரக்கமாக இருந்திருக்கும். அவர் வாங்கும் பக்கத்தில் போய் நின்றார்.

கிரேச்சோ நிகழ்ச்சிக்கு 800 ஆண்டு நிறைவு 2023இல் உலகெங்கும் கொண்டாடப்பட்டது. அதற்கு முன்பே, 2019 டிசம்பர் 1ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் அம்மலைக்கே சென்று, குடிலின் பொருளை விளக்கும் மடலில் அங்கேயே கையொப்பமிட்டார். இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியவையே. ஆனால் தரையில் அமர்ந்து உண்டவரின் நினைவுக்கு மேடை அமைப்பதில் நாம் எப்போதும் வல்லவர்கள்.

அன்பைப் பற்றிய மற்றொரு மடலும் இங்கே நினைவுக்கு வருகிறது. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் தம் முதல் சுற்றுமடலுக்கு அன்பையே பொருளாகக் கொண்டார். அது 2005 டிசம்பர் 25 என்று நாளிடப்பட்டது. கற்றறிந்த நூல்தான், சில பகுதிகளைப் படிக்கப் பொறுமை வேண்டும். எனினும் அதில் இரு கருத்துகள் எந்தக் குடும்பத்துக்கும் விளங்கக்கூடியவை. மனிதன் கொடுத்துக்கொண்டே இருந்து வாழ்ந்துவிட முடியாது, அவன் அன்பைப் பெறவும் வேண்டும் என்பது ஒன்று. நாம் வழங்கும் கொடை பெறுபவரைத் தாழ்வுறச் செய்யாதிருக்க வேண்டுமானால், பொருளோடு நம்மையும் கொடுக்க வேண்டும், கொடையில் நாமே உடனிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இக்கருத்துகளை நான் படித்தபோது என் முகத்தில் யாரோ நீர் தெளித்தது போலிருந்தது. அதன் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இறங்குதல் என்றவுடன் ஏழையர் தெருவையே நினைக்கிறோம். ஆனால் மிகக் கடினமான இறங்குதல் வீட்டுக்குள்ளேயே நிகழ்கிறது. பிரான்சு நாட்டு லிசியே நகரில் 1886ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் அத்தகைய ஒன்று நடந்தது. அந்த வீட்டின் கடைக்குட்டி தெரேசா. நாம் சிறுமலர் என்றும் குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் என்றும் வணங்கும் அதே புனிதைதான். அன்று அவருக்கு 14 வயது நிறையச் சில நாட்களே இருந்தன. நான்கரை வயதில் தாயைப் பறிகொடுத்த நாள் முதல் தொட்டால்சிணுங்கி. யாரேனும் ஒன்று சொன்னால் அழுவார். அழுதோமே என்று எண்ணி மறுபடியும் அழுவார். இதை எழுதி வைத்தவர் அவரேதான்.

அந்நாட்டு வழக்கப்படி கணப்பருகே வைத்த காலணிகளில் சிறுவர்களுக்குப் பரிசுகள் இடப்பட்டிருக்கும். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு வந்ததும் தெரேசா அவற்றை ஒவ்வொன்றாக எடுப்பார். தந்தை அதைக் கண்டு களிப்பார். அவ்வாண்டு தந்தைக்கு வயது 63, களைத்திருந்தார். இனியும் இந்தச் சிறுபிள்ளை வழக்கமா, நல்லவேளை இதுவே கடைசி ஆண்டு என்ற பொருள்பட ஏதோ சொல்லிவிட்டார். தொப்பியைக் கழற்றி வைக்கப் படியேறிக்கொண்டிருந்த தெரேசாவின் காதில் அது விழுந்துவிட்டது. கண் நிறைந்தது. உடன்வந்த தமக்கை செலினுக்குத் தெரியும், இனி என்ன நடக்கும் என்று. இப்போது கீழே போகாதே, அந்தக் காலணிகளைப் பார்த்தால் உனக்குத் தாங்காது என்று தடுத்தாள்.

தாயில்லாப் பிள்ளை, விழா இரவு, தந்தையின் வாயிலிருந்தே ஒரு சுடுசொல். மேலே அறைக்குள் சென்று கதவடைத்து அழுவதற்கு இதைவிட நியாயம் வேண்டுமா? ஆனால் தெரேசா கண்ணீரை அடக்கிக்கொண்டார். படபடக்கும் நெஞ்சோடு விரைவாகப் படியிறங்கினார். காலணிகளை எடுத்துத் தந்தைமுன் வைத்து, அந்தப் பேச்சைக் கேட்காதவர்போல் ஒவ்வொரு பரிசாக எடுத்து மகிழ்ந்தார். தந்தையும் களைப்பு மறந்து சிரித்தார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒரு சிறுமி படியிறங்கினாள், அது மட்டுமே. ஆனால் அந்த இரவைத்தான் தம் மனமாற்றத்தின் இரவு என்று பின்னாளில் அவர் குறித்தார். அன்பு தம் உள்ளத்தில் நுழைந்ததையும், பிறரை மகிழ்விக்கத் தம்மை மறக்க வேண்டும் என்ற தேவையையும் அன்று உணர்ந்ததாகவும், அதன்பின் தாம் மகிழ்ச்சியாக இருந்ததாகவும் எழுதினார். 24 வயதில் மறைந்த இவரை 1997இல் திருச்சபை தன் மறைவல்லுநர்களில் ஒருவராக்கியது. அந்தத் தந்தை லூயி மார்த்தீனும் தாய் செலியும் 2015இல் புனிதர்களாக உயர்த்தப்பட்டனர். புனிதரும் களைத்தால் சுருக்கென்று ஒரு சொல் சொல்லிவிடுவார் என்பது, குடும்பம் நடத்தும் நமக்கு எவ்வளவு ஆறுதல்!

விழா நாளில் எத்தனை வீடுகளில் ஒருவர் மாடியில் இருக்கிறார்? மருமகளின் ஒரு சொல்லுக்காக உண்ண வராத மாமியார், பாகப்பிரிவினைக்குப் பின் தம்பி வீட்டு வாசலை மிதிக்காத அண்ணன், மணம் முடித்த மகனோடு ஐந்து ஆண்டாகப் பேசாத தந்தை. ஒவ்வொருவருக்கும் நியாயம் உண்டு. நியாயம் இல்லாதவர்கள் மாடியேறுவதே இல்லை. யார் முதலில் இறங்குவது என்பதுதான் கேள்வி. பெத்லகேமில் நியாயம் முழுவதும் எவர் பக்கம் இருந்ததோ, அவரே முதலில் இறங்கினார்.

இனி, நான் சொல்வதாகக் கூறிய செய்தி. பல ஆண்டுகளுக்கு முன், எனக்கு 20 வயது நிறையாத காலம். எங்கள் பங்கில் இளைஞர் ஏழு பேர் சேர்ந்து திருவருகைக் காலத்தில் வீடு வீடாகப் பணம் திரட்டி ஏழைகளுக்குச் சேலையும் வேட்டியும் வழங்கி வந்தோம். ஊருக்கு மேற்கே, ஓடைக்கு அப்பால் ஒரு தெரு. அங்கிருந்தோரும் எங்கள் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கரே. ஒரே பீடத்தில் நன்மை வாங்கினோம். ஆனால் கோயிலுக்கு வெளியே அவர்கள் வீட்டில் நாங்கள் தண்ணீர் குடித்ததில்லை. ஏனென்று நாங்கள் கேட்டதில்லை. எங்களுக்கு யாரும் சொன்னதுமில்லை. கல்லறைத் தோட்டத்தையே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்ட ஊர்கள் நம்மிடையே உண்டு என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

ஒரு 23ஆம் நாள் மாலை, அத்தெருவின் கோடி வீட்டில், 60 வயதைக் கடந்த ஒரு மூதாட்டியிடம் சேலையை நீட்டினோம். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாசலில் ஒரு பலகை போட்டிருந்தார். அதன்மேல் ஏழு தம்ளர்கள். ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று பித்தளை, ஒன்று நெளிந்த அலுமினியம், சில எவர்சில்வர். அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியவை என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

"ஐயா, காப்பி போட்டு வச்சிருக்கேன். ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

நேரமாகிவிட்டது, இன்னும் பல வீடுகள் இருக்கின்றன என்று எங்களில் ஒருவர் சொன்னார். அந்த ஒருவர் நான்தான்.

"வருஷா வருஷம் நேரமாயிடுது ஐயா" என்றார் அவர். குரலில் சினம் இல்லை. சேலையை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நள்ளிரவுத் திருப்பலியில் நன்மை வாங்கும் வரிசையில் எனக்கு இரண்டு பேருக்கு முன்னால் அவர் நின்றார். அன்று பீடத்தை நோக்கி நடந்ததுபோல் நான் என்றும் நடந்ததில்லை.

ஓடையைக் கடக்கப் பத்து நிமிடம் ஆகும். எனக்கு ஓராண்டு ஆயிற்று. அடுத்த கிறிஸ்து பிறப்பு அன்று மாலை நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு சென்றேன்; கையில் சேலை எதுவும் கொண்டு செல்லவில்லை. எதற்கு வந்தோம் என்று சொல்லத் தெரியாமல் வாசலில் நின்றோம். அவர் எங்களை உற்றுப் பார்த்தார். பின்பு பாயை எடுத்து உதறி விரித்தார். தம்ளர் இரண்டை முந்தானையால் துடைத்தார். கருப்பட்டிக் காப்பி; சற்றே புகை மணம். குடித்தோம். கேளாமலே இரண்டாம் முறையும் ஊற்றினார். எங்களுக்கு எதிரே தாமும் அமர்ந்துகொண்டார். மகள் கட்டிக்கொடுத்த ஊர், இறந்துபோன கணவர், அவ்வாண்டு பெய்யாத மழை என்று பேச்சு நீண்டது. இருட்டிவிட்டது. நாங்கள் எழுந்தபோது அவர் ஏதோ நினைவு வந்தவராக நிறுத்தினார்.

"போன வருஷம் குடுத்தீங்களே ஒரு சேலை, முதல் துவைப்பிலேயே சாயம் போயிருச்சு தம்பி. அடுத்த தடவை வாங்கும்போது ஒரு முனையை நனைச்சுப் பார்த்து வாங்குங்க."

அந்த ஆண்டு அதே கடையில், அதே விலையில் 40 சேலைகள் வாங்கிக் கொடுத்திருந்தோம். வேறு எவரும் அதை எங்களிடம் சொல்லவில்லை.